“நம்பிக்கையோடு இருந்தால் மீண்டுவிடலாம்”: கஜாவைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: புயல், வெள்ளம் என்று எல்லாவற்றையும் இழந்தவர்கள் மனதளவில் மீள்வதற்கு முக்கியக் காரணம் நம்பிக்கை மனப்பான்மைதான் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பாசிட்டிவாக இருப்பவர்கள் சீக்கிரம் எழுந்துவிடுவார்களாம், புலம்புகிறவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்களாம். டெல்டாக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நேரில் பார்த்தது இப்படித்தானா?

16 நவம்பர் 2024, இரவு

நான் பார்த்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

ஊர் பேராவூரணி பக்கம். எனக்கு மெடிக்கல் ஷாப், அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. 2018இல் இதே தேதி அதிகாலையில்தான் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. கடலோரத்தோடு ஓய்ந்துவிடும் என்று இருந்தோம். அது முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, எங்கள் ஊர், புதுக்கோட்டை என்று ஒவ்வொன்றாக அடித்துவிட்டுக் கொடைக்கானல் மலை வரைக்கும் போனது. ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, இருநூறு மரத்துக்கு மேல். விடிந்து பார்த்தால் நின்றது முப்பது இருக்காது. பாதி மரம் தூரோடு சாய்ந்து கிடந்தது, மீதி கொண்டை முறிந்து மொட்டையாக நின்றது.

அப்பா அந்த வகுப்பில் சொன்ன மாதிரியான ஆள். மழை வராத வருடமும் “அடுத்த வாரம் ஊத்தும் பாரு” என்பார். தேங்காய் விலை படுத்துக் கிடந்தபோதும் காயை விற்காமல் போட்டு வைத்திருப்பார். பக்கத்துத் தோப்புப் பெரியவர் இதற்கு நேர் எதிர். நல்ல மழை பெய்தாலும் “வேர் அழுகப்போவுது” என்று ஆரம்பிப்பார். ஊரில் யார் கல்யாணத்துக்குப் போனாலும் சாம்பாரில் உப்பு இருக்காது அவருக்கு.

புயல் முடிந்து மூன்றாம் நாள் மரம் அறுக்கிற மிஷினோடு ஆள் கூட்டி வந்தவர் அந்தப் புலம்பல் பெரியவர். அப்பா திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. பொங்கல் வரைக்கும் தோப்புப் பக்கம் கால் வைக்கவில்லை.

17 நவம்பர், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் நிறுத்திவிட்டேன். முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு.

துக்கம் கேட்பது போல உறவுக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். எல்லோரும் ஒரே வசனம்: “மனசத் தளர விடாதீங்க, எல்லாம் சரியாயிடும்.” அப்பா ஒரு நாள் திருப்பிக் கேட்டார், “எப்போ?” அப்போது ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவர் என் மாமா. அவரிடம் பதில் இல்லை. அப்பாவிடம் இருந்தது. நெட்டை ரகம் வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம், நல்ல காய்ப்புக்கு இன்னும் மூன்று நான்கு வருடம். அப்போது அவருக்கு 62 வயது. கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

மன பலவீனம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

17 நவம்பர், இரவு

“ஆராய்ச்சி என்ன சொல்கிறது” என்று இழையைத் தொடங்கியவர் கேட்கிறார். நான் டாக்டர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன்.

2007இல் ஸ்டீவன் ஹாப்ஃபோல் என்ற உளவியலாளரும் பல நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து, பேரிடருக்குப் பின் வரும் நாட்களிலும் மாதங்களிலும் மக்களுக்கு என்ன தேவை என்று ஐந்தைச் சொன்னார்கள். பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற உணர்வு, படபடப்பு அடங்குவது, தன்னாலும் ஊராலும் ஏதாவது செய்ய முடியும் என்ற எண்ணம், மனிதர்களோடு தொடர்பு, நம்பிக்கை. நம்பிக்கை இருக்கிறது, ஆனால் கடைசியில் இருக்கிறது. வரிசை முக்கியம் என்று அவர்கள் சொன்னதாக நினைவில்லை, எனக்கு மட்டும் அந்த வரிசை சரியாகப் படுகிறது. கரண்டு இல்லை, போர்வெல் மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, கூரையில் தார்ப்பாய். இதில் நம்பிக்கையை முதலில் ஊட்ட வந்தால் எங்கே போய் ஒட்டும்?

அதே ஹாப்ஃபோல் வேறொன்றும் சொல்லியிருக்கிறார். மன அழுத்தத்தின் அடியில் இருப்பது இழப்பு. வீடு, வருமானம், உறவு, மரியாதை, உடல்நலம் எல்லாமே அவர் கணக்கில் ஒரு கையிருப்பு. ஏற்கெனவே கையிருப்பு குறைந்தவர் மேலும் மேலும் இழப்பார், இருப்பவருக்கு அடுத்த படி ஏறுவது சுலபம். இதைப் படித்த பிறகுதான் பக்கத்துத் தோப்புப் பெரியவரை வேறு மாதிரிப் பார்த்தேன். அவருடைய மூத்த மகன் சிங்கப்பூரில். புயலுக்கு மறுவாரமே பணம் வந்துவிட்டது. அந்தப் பணம் வரும் என்று நம்பி மிஷினை முன்கூட்டியே வாடகைக்குக் கூப்பிட அவரால் முடிந்தது, எங்களால் முடியவில்லை.

ஆக, நேற்று நான் போட்ட கதை பாசிட்டிவ் ஆளுக்கும் நெகட்டிவ் ஆளுக்கும் நடந்த போட்டி இல்லை. கையில் காசு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் நடந்தது.

18 நவம்பர்

“அப்போ நம்பிக்கைக்கு மதிப்பே இல்லையா” என்று கோபப்பட்ட நண்பருக்கு: இருக்கிறது. அவசரப்படாதீர்கள், கடையில் கூட்டம். இரவு வருகிறேன்.

19 நவம்பர்

இரவு வருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் கழித்து வருகிறேன்.

சார்லஸ் ஸ்னைடர் என்ற உளவியலாளர் நம்பிக்கையை இரண்டு துண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, போக வேண்டும் என்ற முனைப்பு. இன்னொன்று, போக வழி தெரிவது. “எல்லாம் நல்லதுக்கே” என்கிற பொதுவான நல்லெண்ணம் இந்த இரண்டிலும் சேராது. அப்பாவிடம் அந்த நல்லெண்ணம் ஆயுசுக்கும் இருந்தது. புயல் பறித்தது வழியை.

வழி எப்படித் திரும்ப வந்தது என்றால், வண்டால் வந்தது. சிரிக்காதீர்கள். விழுந்த தென்னையை அப்படியே போட்டால் அழுகி, அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு நின்றிருக்கிற மரத்தின் குருத்தையும் புதிதாக வைக்கிற தென்னங்கன்றையும் குடைந்துவிடும். பொங்கல் சமயத்தில் பக்கத்துப் பெரியவர் வீட்டுக்கே வந்து கத்தினார்: “உன் தோப்பு வண்டு என் மிச்ச மரத்தத் தின்னப்போவுது, எடுக்குறியா இல்ல நானே கொளுத்தவா?” ஆறுதல் சொன்ன அத்தனை பேராலும் முடியாததை அந்தச் சண்டை செய்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பதிலுக்குக் கத்திக்கொண்டே தோப்புக்கு நடந்தார்.

அன்றைக்கு அவர் மனதில் நம்பிக்கை இருந்திருக்காது, எரிச்சல்தான் இருந்திருக்கும். நடக்க அது போதுமாக இருந்தது. மரத்தை அப்புறப்படுத்தி, இடம் வெறுமையாகி, அந்த வெறுமையில் உளுந்து தெளித்து, அது முளைத்த பிறகுதான் “அடுத்த வருஷம்” என்ற பேச்சே வீட்டில் வந்தது.

20 நவம்பர்

ஒருவர்: “நம் மக்கள் இயல்பிலேயே மன உறுதி உள்ளவர்கள், இந்தக் கவுன்சலிங் எல்லாம் வெள்ளைக்காரனுக்கு.”

பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. ஃபிரான் நோரிஸ் என்ற உளவியலாளரின் குழு 2002இல் பேரிடர் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்தது. சுமார் 60,000 பேரின் அனுபவம் அதில் வருகிறது. வளரும் நாடுகளில் பாதிப்பு கூடுதலாகத்தான் இருந்தது. எங்கே இருந்தாலும் பெரும்பாலானவர்கள் சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஜார்ஜ் பொனான்னோ போன்ற உளவியலாளர்கள் பல வருடமாகச் சொல்வது அது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பத்தில் ஏழு பேர் தானாகத் தேறினால் மீதி மூன்று பேரிடம் போய் “நம்ம ஜனங்க உறுதியானவங்க” என்று சொல்லக்கூடாது. (பத்து, ஏழு எல்லாம் பேச்சுக்கு. புள்ளிவிவரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

கடையில் நான் பார்த்தது: “மனசு சரியில்லை” என்று ஒருவரும் வந்ததில்லை. நெஞ்சு படபடப்பு, தலை பாரம், பசியில்லை, கை கால் அசதி, தூக்கமே இல்லை. தூக்க மாத்திரை கேட்டு வந்தவர்களைச் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு பேர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. ஒருவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன், மறுநாள் வந்து “அருமையாத் தூங்குனேன், அதே குடு” என்றார். அந்த மாதம் என் கடையில் அதிகம் விற்றது மருந்தே இல்லை. மெழுகுவர்த்தி.

22 நவம்பர்

திருத்துறைப்பூண்டி நண்பர் தனிச்செய்தியில் கேட்டதை அவர் அனுமதியோடு இங்கே பேசுகிறேன். அவர் கேள்வி: “தோப்பு வைத்திருந்தவர் கதையே பேசுகிறீர்கள். மரம் ஏறியவர்?”

நியாயம். இந்த இழையில் யாரும் தொடாத இடம் அது.

விழுந்த மரத்துக்கு நிவாரணம் 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. போதாது என்று நாங்கள் கொடி பிடித்தோம், போதவும் இல்லை. ஆனால் அந்தப் பணம் பட்டாவில் பேர் உள்ளவருக்கு. மரம் ஏறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், தேங்காய் லோடு ஏற்றியவர், இவர்கள் எந்தப் பட்டியலில்? விழுந்த மரம் அவர்களுடையது இல்லை, அதில் இருந்த கூலி மட்டும்தான் அவர்களுடையது. எங்கள் தோப்பில் ஏறிக்கொண்டிருந்தவர் குடும்பத்தோடு திருப்பூர் போனார். இன்னும் வரவில்லை. மரமே இல்லாத ஊருக்கு மரம் ஏறுகிறவர் எதற்கு வர வேண்டும்?

அவர் வீட்டுப் பெண்கள் நுண்கடன் வாங்கியிருந்தார்கள். ஊரே இருட்டில் கிடந்தபோதும் வாரத் தவணை கேட்டு ஆள் வந்தது. வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டான். அந்த வீட்டுக்குப் போய் “பாசிட்டிவா இருங்க” என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

ஒரத்தநாடு பக்கம் தென்னை போன அதிர்ச்சியில் விவசாயிகள் உயிரை விட்ட செய்திகள் அந்த நவம்பரிலேயே வந்தன. அவர்களுக்கு நம்பிக்கை குறைவு, அதனால் போனார்கள் என்று யாரும் இங்கே எழுத வேண்டாம். கடன் எவ்வளவு, கேட்டு வந்தவர் யார், பக்கத்தில் ஆள் இருந்ததா என்று கேளுங்கள்.

23 நவம்பர்

நேற்றைய பதிவு காட்டமாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

24 நவம்பர்

ஞாயிறு, கடை அரை நாள். எதிர்த்தரப்புக்காகவும் கொஞ்சம் பேசுகிறேன்.

அதற்கு முன் ஒன்று: நம்பிக்கை அதிகமானால் வரும் கேடு புயலுக்கு முந்தியே தொடங்கிவிடுகிறது. தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீடு ஒன்று உண்டு. 16 வயதுக்கு மேற்பட்ட மரத்துக்கு அப்போது 14 ரூபாய் பிரீமியம், அதில் முக்கால் பங்கை வாரியமும் மாநில அரசும் கட்டின, விவசாயி கையிலிருந்து மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750. எங்கள் தெருவில் கட்டியவர் யாருமில்லை. அப்பாவிடம் கேட்டபோது, “நம்ம பக்கம் எங்கடா புயல் வருது, எல்லாம் கடலூரோட போயிடும்” என்றார். கடலூரோடு போனது என்று அவர் சொன்னது 2011 தானே புயலை. பண்ருட்டி முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை டிவியில் பார்த்து உச்சுக் கொட்டியவர்தான். 1952இலும் 1977இலும் நாகை பக்கம் என்ன நடந்தது என்று தாத்தா சொன்ன கதை எல்லாம் அவருக்கு மனப்பாடம். அது வேறு, நமக்கு வருவது வேறு. எப்போதும் ஏதாவது குறை சொல்லும் அந்தப் பெரியவராவது கட்டினாரா என்றால், அவர் காப்பீட்டையே நம்பவில்லை!

சரி, நம்பிக்கைக்கு ஆதரவாகவும் ஒன்று. 2019இல் வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கன்று பற்றி விசாரித்து, பாதி நெட்டை, பாதி நெட்டை குட்டை ஒட்டு என்று அப்பா நட்டார். ஒட்டு ரகம் சீக்கிரம் காய்க்கும், ஊடே வாழை. அந்த வயதில் அதைச் செய்ய வைத்தது “அடுத்த வாரம் ஊத்தும் பாரு” குணம்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். காலை ஊன்றும் வரை அந்தக் குணத்தால் பயனில்லை, ஊன்றிய பிறகு அதுதான் ஆளை இழுத்துக்கொண்டு ஓடியது. புலம்பல் பெரியவர் முதலில் மரத்தை அகற்றினார் இல்லையா, மறுபடி தென்னை வைக்கவில்லை. பாதி நிலத்தை விற்றுவிட்டார். இப்போது தேங்காய் விலை ஏற ஏற, என் கடையில் வந்து உட்கார்ந்து அதற்கும் புலம்புகிறார்.

அப்பா குணமாகிவிட்டார் என்று படிக்கிறவர்கள் முடிவு கட்ட வேண்டாம். கார்த்திகை மாதம் கொல்லைப்பக்கத் தகரம் படபடத்தால் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போகிறார். போய் என்ன செய்வார் என்று அம்மா கேட்பாள். அதற்கும் அவரிடம் பதில் இருக்காது.

25 நவம்பர்

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட ஆசிரியருக்கு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு குழு வந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, புயல் ராத்திரி என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னது. நல்ல எண்ணம்தான். சொல்ல விரும்பாத பிள்ளையையும் விடவில்லை. என் அக்கா மகள் அதற்குப் பிறகு இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாள். இப்படி நடந்ததை உடனே ஒரே அமர்வில் கொட்ட வைக்கும் முறையால் நன்மை இல்லை, சிலருக்குக் கெடுதல்கூட என்று ஆய்வுகள் சொல்லி வெகுநாளாகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மனதுக்கான முதலுதவி இதைவிட எளிது: பார், கேள், இணை. யாருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பது, பேசினால் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது. பேசச்சொல்லி வற்புறுத்துவது அதில் கிடையாது.

எங்கள் பிள்ளைகளை மீட்டது என்று நான் நினைப்பது, அரைகுறைக் கூரையோடு பள்ளி மறுபடி திறந்ததும், விழுந்த மரங்களின் மேல் அவர்கள் ஏறி விளையாடியதும். ஒருவன் புயலாம், மற்றவர்கள் தென்னையாம், அவன் ஊதினால் விழ வேண்டுமாம். பெரியவர்கள் அடிக்க ஓடினார்கள். நான் தடுத்தேன்.

3 டிசம்பர்

இழை பாதியில் நிற்கிறது, தெரியும். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. இரண்டு நாளாக அப்பா டிவியை அணைக்கவிடவில்லை. விழுப்புரத்தில் ஊரே தண்ணீரில், திருவண்ணாமலையில் மண்சரிவில் ஏழு பேர் சாவு. இங்கே மழை மட்டும்தான். இங்கே மழை மட்டும் என்று எழுதும்போது வருகிற நிம்மதிக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. விழுப்புரம் நண்பர் இருக்கிறாரா? ஒரு வரி போடுங்கள்.

4 டிசம்பர்

போட்டுவிட்டார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீராம், எல்லோரும் பத்திரம். இழையில் உடனே “கவலைப்படாதீங்க, இதுவும் கடந்து போகும்” என்று வரிசையாகப் பதினைந்து பேர். மேலே இருப்பதை எல்லாம் யாரும் படிக்கவில்லை போல.

26 டிசம்பர்

சுனாமிக்கு இன்றோடு இருபது வருடம். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். பெங்களூருவில் இருக்கிற நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனத்துக்காரர்கள் அப்போது செய்த ஒரு நல்ல காரியம், டாக்டர்களை மட்டும் நம்பாமல் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. துக்கத்தில் இருப்பவரோடு எப்படி உட்காருவது, யாரை டாக்டரிடம் அனுப்புவது என்று. ஊர்க்காரர் ஊர்ப் பேச்சில் கேட்பது வேறு.

பிள்ளைகளைப் பறிகொடுத்த, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டிருந்த தாய்மாருக்கு மீண்டும் கருத்தரிக்க இலவச அறுவை சிகிச்சையையும் அரசு அறிவித்தது. பலருக்கு அது உண்மையிலேயே வழி. ஆனால் அதைப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் தோன்றியது: போன பிள்ளைக்கு அழுது முடிப்பதற்குள் “இன்னொன்னு பெத்துக்கலாம்” என்று மாமியாரும் ஊரும் சொன்னால், அந்தப் பெண் எங்கே போய் அழுவாள்? அடுத்தவர் நம் தலையில் வைக்கிற நம்பிக்கையும் ஒரு பாரம்தான்.

29 டிசம்பர்

விழுப்புரம் நண்பரின் கேள்வி. அவருடைய அப்பா ஒரு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாடு பாதி, “நான் இருந்து என்ன” என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். காலம் ஆற்றும் என்று விடலாமா?

விட வேண்டாம். கடைசி வாக்கியம் வந்த பிறகு காத்திருக்கக்கூடாது. தனியாக விடாதீர்கள். வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். “சாகணும்னு தோணுதாப்பா” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். அரசின் மருத்துவ உதவி எண் 104க்கும் அடிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மனநல டாக்டர் உண்டு. வரமாட்டேன் என்றால் “தூக்கத்துக்குக் காட்டலாம் வாங்க” என்று கூட்டிப் போங்கள், பொய்யும் இல்லை. ஏற்கெனவே சாப்பிடுகிற சுகர், பிரஷர் மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள், தண்ணீரில் போயிருந்தால் வழக்கமாக வாங்கும் கடையில் பழைய பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நிவாரணப் பட்டியலில் பேர் ஏறியதா என்று அவரையே விசாரிக்க விட முடியுமா என்று டாக்டரைப் பார்த்த பிறகு யோசியுங்கள். இப்போது அதை நீங்கள் பாருங்கள். நனைந்த நிலக் காகிதங்களை, அடங்கலையும் பத்திரத்தையும், ஒட்டிக்கொண்டபடியே பிரிக்காமல் நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். போன் செய்துவிட்டு இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள்.